நள்ளிரவுப் பேச்சுவார்த்தை: "சம்பளம் தருகிறோம், நடுவரைக் கேட்காதீர்கள்"

கலட்டிப்பெண் | வியாழன், காலை 6.40

அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சைக்காக ஊருக்கு வந்து மூன்று கிழமை ஆகிறது. பகலில் அம்மாவுக்குக் கஞ்சி, மருந்து, நடைப்பயிற்சி. இரவு பதினொன்றரைக்கு முன்விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்தின் சட்டத்தரணியோடு வாதாடுகிறேன். அங்கே அப்போது பிற்பகல் ஒரு மணி. முதல் நாள் அம்மா கட்டிலில் இருந்தபடியே, "யாரோடு பிள்ளை இந்த நேரத்தில் சண்டை?" என்று கேட்டார். முதலாளியோடு என்றேன். "நீ படிக்கத்தானே போனாய்?" என்றார்.

அம்மா கேட்ட அதே கேள்வி அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக வழக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் பட்டமேற்படிப்பு மாணவர் ஊழியரா, மாணவரா என்று அங்குள்ள தேசியத் தொழிலுறவுச் சபை மாறி மாறிச் சொல்லிவந்திருக்கிறது. 2000 இல் நியூயோர்க் பல்கலைக்கழக வழக்கில் ஊழியர் என்றது. 2004 இல் பிரவுண் பல்கலைக்கழக வழக்கில் மாணவர் என்றது. 2016 ஓகஸ்டில் கொலம்பியா வழக்கில் மறுபடியும் ஊழியர் என்றது. அரச பல்கலைக்கழகங்களுக்கு அந்தந்த மாநிலத்தின் சட்டம். நான் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பது மத்திய மேற்கில் ஓர் அரச பல்கலைக்கழகத்தில். பேச்சு முடியவில்லை என்பதால் பெயர் சொல்ல மாட்டேன்.

எங்கள் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் நானும் ஒருத்தி. பழைய ஒப்பந்தம் காலாவதியாகப் போகிறது. உறுப்புரை உறுப்புரையாகப் பேசுகிறோம். ஒன்றில் இணக்கம் வந்தால் இரு தரப்பும் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். பணம் சம்பந்தப்பட்ட உறுப்புரைகள் வழக்கமாகக் கடைசியில் வரும். இம்முறை அவர்கள் முந்திக்கொண்டு பணத்தை மேசையில் வைத்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்குச் சம்பள உயர்வு, மருத்துவக் காப்புறுதியில் எங்கள் பங்கு குறைப்பு. நாங்கள் எதிர்பார்த்ததை விட நல்ல தொகை.

அதற்குப் பதிலாக இரண்டு உறுப்புரைகளை நாங்கள் கைவிட வேண்டும். ஒன்று, பாலியல் தொந்தரவு, பாரபட்சம் பற்றிய முறைப்பாடுகள் பல்கலைக்கழகத்துக்குள் தீராவிட்டால் வெளியார் ஒருவர் நடுவராக இருந்து தீர்ப்பது. மற்றது, பருவத் தொடக்கத்தில் பேராசிரியரும் உதவி ஆசிரியரும் சேர்ந்து எந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம் என்று எழுதிக் கையெழுத்திடும் படிவம். கிழமைக்கு இருபது மணித்தியாலம் என்பது எங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கிறது. அறிக்கை திருத்தும் கிழமைகளில் அது முப்பதைத் தொடும்.

ஞாயிறு இரவுக்குள் குழு முடிவெடுக்க வேண்டும். பாதிப்பேர் எடுத்துக்கொள்வோம் என்கிறார்கள், பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

பகிடி மாஸ்டர் | வியாழன், காலை 7.15

காசை எண்ணி வாங்கிக்கொண்டு அம்மாவுக்கு நல்ல கதிரை ஒன்று வாங்கிக் கொடுங்கள். நடுவர் வேண்டுமென்றால் அரியாலையில் உதைபந்தாட்டத்துக்கு வருபவர் இருக்கிறார், விசிலோடு அனுப்பிவைக்கிறேன்.

ஆலமரத்தடி | வியாழன், காலை 9.05

நான் விரிவுரையாளன். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கின்றன. தங்கச்சி கோபிக்கக் கூடாது, எனக்கு இந்த முழு ஏற்பாட்டிலேயே ஒரு நெருடல் இருக்கிறது.

கலாநிதிப் பட்டம் என்பது தொழில் பழகுவது. என்னுடைய மேற்பார்வையாளர் வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டு, அவருடைய விடைத்தாள்களையும் திருத்தி, விடியும்வரை ஆய்வுகூடத்தில் நின்று பழகியவன் நான். அதை மணித்தியாலக் கணக்கில் எழுதியிருந்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒன்று கெட்டிருக்கும். மேற்பார்வையாளரோடு உறவு என்பது கூலிக்கணக்கு அல்ல.

இன்னொன்று பணம். அங்கே பல துறைகளில் மாணவரின் சம்பளம் பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து வருகிறது. நிதி கூடாமல் சம்பளம் மட்டும் கூடினால் அடுத்த ஆண்டு குறைவான மாணவர்களைத்தான் எடுப்பார்கள். கலிபோர்னியாவில் பெரிய ஒப்பந்தத்துக்குப் பிறகு சில துறைகள் அப்படிச் செய்தன என்று அங்குள்ள நண்பர்களே சொன்னார்கள். இங்கிருந்து விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது கதவடைப்பு.

கலட்டிப்பெண் | வியாழன், பிற்பகல் 1.20

சேர், கோபமில்லை. நிதி பற்றிச் சொன்னது உண்மை, அதை மறுக்க மாட்டேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பர் 14 ஆம் திகதி ஏறத்தாழ 48,000 கல்விசார் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். உயர்கல்வித் துறையில் அமெரிக்கா கண்ட ஆகப் பெரிய வேலைநிறுத்தம் அது. பட்டமேற்படிப்பு மாணவர்களின் ஒப்பந்தம் டிசம்பர் 23 இல் உறுதியானது. பாதி நேரம் கற்பிக்கும் ஒருவருக்கு ஒன்பது மாதத்துக்கு 23,000 டொலர் அளவில் இருந்த அடிமட்டச் சம்பளம் 2024 இலையுதிர் காலத்துக்குள் 34,000 ஆனது. அந்த வேகத்தில் ஏறும்போது எங்கோ இறுகத்தான் செய்யும். ஆனால் 23,000 டொலரில் அந்த மாநிலத்தின் வீட்டு வாடகையைக் கட்டிப் பார்த்தவர்களிடம், "நீ இறுகு, துறை தளரட்டும்" என்று எப்படிச் சொல்வது?

உறவு கெடும் என்பதில்தான் நான் உங்களோடு முரண்படுகிறேன். என்னுடைய மேற்பார்வையாளர் தங்கமான மனிதர். அவருக்கு இந்தப் படிவமும் நடுவரும் தேவையில்லை, எனக்கும் தேவையில்லை. அடுத்த ஆய்வுகூடத்துக்கு எழுதப்படும் உறுப்புரைகள் அவை. அங்கே ஒரு சீன மாணவி இருந்தாள். மேற்பார்வையாளர் பற்றி அவள் செய்த முறைப்பாட்டைப் பல்கலைக்கழகத்தின் ஓர் அலுவலகம் பதினொரு மாதம் விசாரித்தது. பிறகு "போதிய ஆதாரமில்லை" என்று ஒரு கடிதம். எதிர்த்துக் கேட்க வேறு இடம் இல்லை. அவள் முதுமாணியோடு ஊர் திரும்பிவிட்டாள். புகாருக்கு ஆளானவர் பல்கலைக்கழகத்தின் ஆள், விசாரித்தது பல்கலைக்கழகம், தீர்த்ததும் பல்கலைக்கழகம்.

கோண்டாவில் பெரியப்பா | வியாழன், பிற்பகல் 3.40

வேலிக்கு ஓணான் சாட்சி.

ரொறன்ரோ மருமகன் | வியாழன், இரவு 8.10

அக்கா, படிவம் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் உதவி ஆசிரியராக நான்கு ஆண்டுகள் இருந்தவன். நீங்கள் கேட்கும் அதே படிவம் அங்கே பல காலமாக இருக்கிறது. பயிற்சிக்கு இத்தனை, வகுப்புக்குத் தயார்செய்ய இத்தனை, வகுப்புக்கு இத்தனை, மாணவரைச் சந்திக்க இத்தனை, திருத்த இத்தனை என்று மணித்தியாலங்களைப் பிரித்து எழுதி, பேராசிரியரும் நாமும் கையெழுத்திட வேண்டும். பருவத்தின் நடுவில் ஒருமுறை அதை எடுத்துப் பார்க்கவும் வேண்டும். கணக்கு மீறப்போகிறது என்று தெரிந்தால் அப்போதே சொல்லலாம். நான் ஒருமுறை சொன்னேன். பேராசிரியர் படிவத்தை எடுத்துப் பார்த்தார், "அப்படியானால் கடைசிக் கட்டுரையை நானே திருத்துகிறேன்" என்றார். அவ்வளவுதான். ஆலமரத்தடி ஐயா சொல்வது போல எதுவும் கெடவில்லை. பிறகும் அவர்தான் எனக்குப் பரிந்துரைக் கடிதம் தந்தார்.

நடுவர் விடயத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு கதைகள் இரண்டு திசையில் போகின்றன. ஹார்வார்ட் மாணவர் சங்கம் 2019 டிசம்பரில் நான்கு கிழமை வேலைநிறுத்தம் செய்தது. 2020 ஒப்பந்தத்திலும் நடுவர் கிடைக்கவில்லை, 2021 ஒப்பந்தத்திலும் கிடைக்கவில்லை. கொலம்பியாவில் 2021 வசந்தத்தில் குழு கொண்டுவந்த உடன்பாட்டை உறுப்பினர்களே வாக்களித்துத் தோற்கடித்தார்கள். நவம்பர் 3 இல் மறுபடி வெளியே இறங்கி, 2022 ஜனவரி 7 வரை பத்துக் கிழமைக்கு அருகில் நின்றார்கள். கடைசியில் வெளி நடுவர் வந்தார். ஆகவே கிடைக்காது என்றும் சொல்ல முடியாது, கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. பத்துக் கிழமை நிற்க உங்கள் ஆட்கள் தயாரா?

நின்றாலும் முடிவு கையில் இராது என்பதற்கு ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2018 மார்ச் 5 இல் பனியில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஜூலை 25 வரை போனது, 143 நாட்கள். நடுவில் முகாமை தன் கடைசி யோசனையை நேரடியாக உறுப்பினர் வாக்குக்கு விடும்படி அமைச்சைக் கேட்டது. ஒன்ராறியோச் சட்டம் அப்படி ஒருமுறை கேட்க இடம் கொடுக்கிறது. உறுப்பினர்கள் நிராகரித்தார்கள். கடைசியில் புதிதாக வந்த மாகாண அரசு சட்டம் போட்டு எல்லோரையும் வேலைக்கு அனுப்பிவிட்டது. அந்தக் கோடையில் பட்டம் முடிக்க இருந்த இளமாணி மாணவர்களில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கோண்டாவில் பெரியப்பா | வெள்ளி, காலை 5.50

நான் இரவு இந்த இழையை முழுதாக வாசித்தேன். மகளே, உன் வயதில் எனக்கும் இரத்தம் சூடாகத்தான் இருந்தது.

1980 ஜூலை. நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம். நாற்பதாயிரம் பேரளவில் அரசு ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கியது. என் அண்ணர் அதில் ஒருவர். எழுதுவினைஞர், இரண்டு பிள்ளைகள். பிறகு அவர் திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் நிறுத்தார். சங்கத் தலைவர்கள் மேடையில் பேசினார்கள். அண்ணருடைய வீட்டு அடுப்பை யாரும் வந்து பார்க்கவில்லை. அண்ணர் கடைசிவரை தான் செய்தது சரி என்றுதான் சொன்னார், அதையும் எழுதிவிட வேண்டும். ஆனால் மச்சாள் அப்படிச் சொன்னதில்லை.

நீ வீசாவில் இருக்கும் பிள்ளை. சம்பளத்தை வெட்டினால் என்ன செய்வாய்? படிப்பு நின்றால் வீசா என்னாகும்? இவற்றுக்குப் பதில் வைத்துக்கொண்டுதானா கையை உயர்த்தப் போகிறாய்?

கலட்டிப்பெண் | வெள்ளி, காலை 10.30

பெரியப்பா, உங்கள் அண்ணரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு அந்த ஜூலை நினைவிருக்கிறது.

வீசாவுக்கு இருக்கும் பதில் இது: வெளிநாட்டு மாணவர் சங்கத்தில் சேரலாம், சட்டப்படியான வேலைநிறுத்தத்தில் நிற்கலாம். வீசா தொங்குவது படிப்புப் பதிவில், வேலையில் அல்ல. ஆனால் அந்தப் படிப்புப் பதிவைக் கல்விக் கட்டண விலக்கு தாங்கிக்கொண்டிருக்கிறது, அந்த விலக்கு வேலையோடு வருகிறது. அங்கேதான் கத்தி. பிலடெல்பியாவில் ரெம்பிள் பல்கலைக்கழகம் 2023 பெப்ரவரியில் அதைச் செய்தே காட்டியது. வேலைநிறுத்தத்தில் நின்றவர்களுக்குக் கட்டண விலக்கை நீக்கி, பருவக் கட்டணத்தைக் கட்டும்படி பில் அனுப்பியது. மருத்துவக் காப்புறுதியையும் நிறுத்தியது. செய்தி பரவியதும் நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. முதல் உடன்பாட்டை, வாக்களித்த உறுப்பினர்களில் நூற்றுக்கு 92 பேர் நிராகரித்தார்கள். ஆறு கிழமை முடிவில் இரண்டாவதை ஏற்றார்கள். வென்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தப் பில் கையில் கிடைத்த நாளில் ஒரு வெளிநாட்டுப் பிள்ளை என்ன நினைத்திருப்பாள் என்று நானும் யோசித்திருக்கிறேன்.

ஒப்பந்தம் உயிரோடு இருக்கும் காலத்தில் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று சங்கமே எழுதிக் கொடுத்திருக்கும். அதை மீறினால் சங்கமும் உதவாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் 2019 டிசம்பரில் மாதம் 1,412 டொலர் வாடகைப்படி கேட்டுச் சங்கத்தின் அனுமதியில்லாமல் உதவி ஆசிரியர்கள் மாணவரின் புள்ளிகளைத் தடுத்து வைத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நியமனம் இழந்தார்கள். பிறகு பேசி மீள எடுத்தார்கள் என்றாலும், அந்த மாதங்கள் யாருடைய கணக்கில்?

ஆகவே நாங்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை.

பகிடி மாஸ்டர் | வெள்ளி, காலை 10.55

ஒரு சந்தேகம். இந்தச் சங்கங்களில் பலவற்றுக்குத் தாய்ச்சங்கம் கார்த் தொழிலாளர் சங்கம் என்று கேள்விப்பட்டேன். இரசாயனவியலுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

கலட்டிப்பெண் | வெள்ளி, காலை 11.10

ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம். இப்போது அவர்களுடைய உறுப்பினரில் ஏறத்தாழ கால்வாசிப்பேர் பல்கலைக்கழகங்களில் வேலை செய்பவர்கள். கூட்டத்தில் ஒரு கிழவர் வருவார், முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் காருக்குக் கதவு பூட்டியவர். "உங்களுக்கு அறிவு கூட, எங்களுக்குப் பொறுமை கூட" என்பார். கார்க்காரரும் நாங்களும் ஒரே சந்தாவில் ஒரே வேலைநிறுத்த நிதியை நிரப்புகிறோம். சம்பந்தம் அதுதான்.

மலையகத்து மகள் | வெள்ளி, பிற்பகல் 2.25

நான் ஹற்றன் பக்கம். யாழ்ப்பாணத்தில் நான்கு ஆண்டுகள் படித்தேன், பரமேஸ்வராச் சந்தியில் எனக்குத் தெரியாத தேநீர்க் கடை கிடையாது. இந்த இழையில் "கூட்டு ஒப்பந்தம்" என்ற சொல்லை இன்னும் யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பு. எங்கள் வீடுகளில் அது அரிசி, மாவு போலப் புழங்கிய சொல்.

தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு வந்த பிறகு, முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையெழுத்திடுவார்கள். ஒவ்வொரு முறையும் பத்திரிகையில் ஒரே ஒரு எண்தான் வரும்: நாட்சம்பளம் எவ்வளவு. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700. "ஆயிரம் ரூபா" என்பது எங்கள் ஊரில் ஒரு தேர்தல் முழக்கம், ஒரு கோபம், ஒரு கனவு. 2021 மார்ச்சில் அந்த ஆயிரம் வந்தது. எப்படி வந்தது? சம்பள நிர்ணய சபை வழியாக, வர்த்தமானியில். கம்பனிகள் உடனே கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன.

அப்போதுதான் அந்த ஒப்பந்தத்தில் வேறு என்னவெல்லாம் இருந்தன என்று பலருக்குத் தெரிய வந்தது. ஒரு நாள் பெயருக்கு, அதாவது முழுநாள் சம்பளம் பதிவாவதற்கு, எத்தனை கிலோ கொழுந்து என்பதை எப்படித் தீர்மானிப்பது, பிணக்கு வந்தால் யாரிடம் எந்தப் படியில் போவது, எல்லாம் அதற்குள் இருந்தன. அது இல்லாமற்போன பிறகு எங்கள் தோட்டத்தில் கிலோ ஏறியது. நிறை வராவிட்டால் அரைப்பெயர், அதாவது அரைநாள் சம்பளம். ஆயிரம் ரூபா வாங்கிய நாட்களை விட வாங்காத நாட்களை அம்மா அதிகமாக எண்ணினார். 2024 இல் 1,350 என்று அறிவித்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "கிலோ எவ்வளவாம்?"

அக்கா, உங்கள் பல்கலைக்கழகம் முதலில் பணத்தை மேசையில் வைத்தது தற்செயல் அல்ல. உங்கள் படிவம்தான் எங்கள் கிலோ. அதை விட்டுவிட்டுச் சம்பளத்தை வாங்கினால், அடுத்த ஆண்டே இருபது மணித்தியாலத்துக்குள் ஒரு வகுப்பைக் கூட்டித் திணிப்பார்கள். கூட்டிய சம்பளத்தைக் கூட்டிய வேலையால் வகுத்துப் பாருங்கள்.

ஆலமரத்தடி | வெள்ளி, மாலை 5.00

மலையகத்து மகள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். எனக்குத் தெரிந்த தொழிற்சங்கம் வேறு மாதிரியானது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு மூன்று மாதத்துக்கு மேல் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்பது முதன்மைக் கோரிக்கை. நானும் நின்றேன், பதாகை பிடித்தேன். யாரோடு பேசினோம்? துணைவேந்தரோடு அல்ல. அவர் பாவம், அவரால் ஒரு சதம் கூட்ட முடியாது. சம்பளம் கொழும்பில் முடிவாகிறது. திறைசேரி சம்மதித்து, மானியங்கள் ஆணைக்குழு ஒரு சுற்றுநிருபம் அனுப்பினால்தான் எதுவும் நடக்கும். சுற்றுநிருபத்தில் எங்கள் கையெழுத்து இல்லை. அடுத்த சுற்றுநிருபம் வந்தால் முந்தியது போய்விடும். 6 வீதம் இன்றும் சுவரொட்டியில்தான் இருக்கிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் கல்விசாரா ஊழியர் இறங்கி இரண்டு மாதத்துக்கு மேல் நின்றபோதும் அதே பாதைதான்.

ஆகவே தங்கச்சி ஓரத்தில் சுருக்கொப்பம் இடுகிறோம் என்று எழுதியதை நான் முதலில் கவனிக்காமல் கடந்துவிட்டேன். முப்பது ஆண்டுச் சேவையில் என் வேலை நிலைமையைப் பற்றிய எந்தத் தாளிலும் நான் இரண்டாம் தரப்பாகக் கையெழுத்திட்டதில்லை.

தொழில் பழகுதல் என்று சொன்னதை முழுதாகக் கைவிடவில்லை. அது பற்றி வேறொரு நாள் சண்டை போடலாம்.

சீஆர் கொப்பி | சனி, அதிகாலை 1.15

இவ்வளவு பேரும் எழுதிய பிறகு நானும் எழுதுகிறேன். நான் இலங்கையில் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிகச் செய்முறை உதவியாளன். எது என்று கேட்காதீர்கள், வடக்கில் இல்லை. முதல் வகுப்பில் சித்தியடைந்தவர்களைத்தான் எடுப்பார்கள். நியமனம் ஆறு மாதம், பிறகு நீடிப்புக் கடிதம். அந்தக் கடிதம் வருமா வராதா என்பது யாருடைய முகத்தைப் பார்த்து யார் சிரித்தார்கள் என்பதில் இருக்கிறது.

செய்முறை வகுப்பு, அறிக்கை திருத்துதல், சோதனை மேற்பார்வை எல்லாம் எங்கள் வேலை, சரி. விழாவுக்குக் கதிரை அடுக்குவது, மூத்த ஒருவரின் மகனுடைய பாடசாலைச் செயற்றிட்டத்துக்குப் படம் கீறுவது, இவை எங்கே எழுதியிருக்கின்றன? எங்கேயும் எழுதியில்லை. எழுதியில்லாததால் மறுக்கவும் முடியாது.

எங்களுக்கும் சங்கம் அமைக்கலாமா? சட்டம் தெரிந்தவர் யாராவது சொல்லுங்கள். பயத்தோடுதான் கேட்கிறேன்.

நீதவான் வளவு | சனி, காலை 8.30

அமைக்கலாம். தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள சுதந்திரம் அரசியலமைப்பின் 14(1)(ஈ) உறுப்புரையிலேயே இருக்கிறது. 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி பதிவுக்கு ஏழு பேர் போதும். பதிவு செய்வது எளிது.

பேச வைப்பது வேறு. கைத்தொழிற் பிணக்குச் சட்டத்துக்கு 1999 இல் வந்த திருத்தம், யாருக்காகப் பேசுகிறதோ அந்தத் தொழிலாளரில் 40 வீதத்தினரையாவது உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பதை முறையற்ற தொழில் நடவடிக்கை என்கிறது. தம்பியின் இடத்தில் அது எப்படிப் பொருந்தும் என்பதை நியமனக் கடிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பொது இழையில் அதைப் போட வேண்டாம். ஆறு மாத நியமனத்தில் இருப்பவர் முதல் நாளே தலைவராக நிற்கவும் வேண்டாம். நிரந்தரப் பணியில் இருக்கும் ஒருவரை முன்னால் நிறுத்துவதுதான் வழக்கம்.

சீஆர் கொப்பி | சனி, காலை 9.10

ஏழு பேர் என்றதும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். நான்கில் நின்றுவிட்டது.

கலட்டிப்பெண் | சனி, காலை 11.45

தம்பி, சங்கத்தை ஒரு பக்கம் வையுங்கள். எங்கள் குழு பேச்சு தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன் செய்த வேலை, நூற்றுக்கணக்கானோரிடம் மணித்தியாலக் கணக்கு எழுதி வாங்கியது. "அதிக வேலை" என்று சொன்னபோது சட்டத்தரணி அனுதாபத்தோடு தலையாட்டினார். திகதி, வேலை, நிமிடம் என்று தாளை நீட்டியபோதுதான் ஓய்வு கேட்டு வெளியே போய்த் தங்களுக்குள் பேசிவிட்டு வந்தார்கள். உங்கள் பெயரில் இருக்கும் கொப்பியை ஏன் திறக்கக் கூடாது? ஒரு பருவம் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

பெரியப்பாவுக்கும் மலையகத்துத் தங்கச்சிக்கும்: இன்று இரவு குழுவுக்குள் கூட்டம். கிலோக் கதையை மொழிபெயர்த்துச் சொல்லப் போகிறேன், அனுமதி உண்டா?

மலையகத்து மகள் | சனி, நண்பகல் 12.05

தாராளமாக. "அரைப்பெயர்" என்பதை எப்படி மொழிபெயர்ப்பீர்கள் என்று மட்டும் பிறகு சொல்லுங்கள்.

கோண்டாவில் பெரியப்பா | சனி, நண்பகல் 12.40

மின்வெட்டு வரலாம். மடிக்கணினியை முன்னரே சார்ஜ் செய்து வை.

கலட்டிப்பெண் | திங்கள், காலை 6.05

இரண்டு இரவும் தூக்கமில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனி இரவு குழுவுக்குள் நான்கு மணித்தியாலம் அடிபட்டோம். அரைப்பெயரை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை, விளக்கத்தான் முடிந்தது. விளக்கி முடித்தபோது கார்ச்சங்கத்துக் கிழவர், தொழிற்சாலையில் சங்கிலிப் பட்டையின் வேகத்தைக் கூட்டுவார்கள், அதேதான் என்றார். அவருக்கு உடனே விளங்கியது. பொருளியல்துறைப் பையனுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது.

ஞாயிறு இரவு மேசைக்குப் போய், இரண்டு உறுப்புரைகளும் இல்லாமல் கையெழுத்தில்லை என்றோம். வேலைநிறுத்த அதிகாரத்துக்கான வாக்கெடுப்பைத் தொடங்கத் திகதி குறித்துவிட்டோம் என்பதையும் சொன்னோம். அவர்கள் வெளியே போனார்கள். ஒன்றரை மணித்தியாலம் வெற்றுத் திரை. அம்மா எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

திரும்பி வந்து படிவத்தை ஏற்றார்கள். மணித்தியாலம் மீறினால் முறைப்பாட்டின் மூன்றாம் படியில் வெளி நடுவர், அதற்கும் சம்மதம். சுருக்கொப்பம் இட்டாயிற்று. தொந்தரவு, பாரபட்ச முறைப்பாடுகளுக்கு மட்டும் இன்னும் மறுப்பு. அதற்குப் பதிலாக ஒரு கூட்டுக்குழு தருகிறார்களாம், ஓராண்டு ஆராய்ந்து அறிக்கை எழுதும் குழு. சம்பளத் தொகையிலும் சிறிது பின்வாங்கிவிட்டார்கள். அடுத்த அமர்வு வியாழன்.

நான் கூட்டுக்குழுவுக்கு எதிராகத்தான் வாக்களிப்பேன். அந்தச் சீன மாணவிக்கு நேற்று மின்னஞ்சல் எழுதினேன். பதில் இல்லை.

ஆலமரத்தடி | திங்கள், காலை 8.50

பின்வாங்கிய தொகைக்காக உங்கள் ஆட்களில் சிலர் உங்களைத் திட்டுவார்கள். தயாராக இருங்கள். 2012 இல் அதை நான் பார்த்திருக்கிறேன்.

ரொறன்ரோ மருமகன் | திங்கள், காலை 9.20

அக்கா, கூட்டுக்குழு என்ற சொல்லைக் கேட்டால் அதன் அறிக்கைக்கு யார் கட்டுப்பட வேண்டும் என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் குழுவும் வராது.

சீஆர் கொப்பி | அடுத்த ஞாயிறு, இரவு 9.30

எழுதத் தொடங்கிவிட்டேன். உண்மையாகவே சீஆர் கொப்பிதான், கடையில் நூற்றிருபது பக்கக் கொப்பி வாங்கினேன். முதல் கிழமை முடிந்தது. இடது பக்கம் நியமனக் கடிதத்தில் இருக்கும் வேலை, வலது பக்கம் இல்லாத வேலை. வலது பக்கம்தான் முதலில் நிரம்பியது. என் அறையில் இருக்கும் இன்னொருவரும் பார்த்துவிட்டு ஒரு கொப்பி வாங்கியிருக்கிறார்.

ஒரு சந்தேகம். புதன்கிழமை செய்முறை வகுப்புக்கு எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவிட்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். சேர் வரவில்லை, வகுப்பு நடக்கவில்லை. காத்திருந்த நேரத்தை எழுதலாமா?

கலட்டிப்பெண் | அடுத்த ஞாயிறு, இரவு 9.50

எழுதுங்கள். இடது பக்கத்தில்.